மையாத்தா பேசின பேரம்

கரீபியன் கடல்ல, மனுஷ வாடையே இல்லாத ஒரு பாறைத் தீவு. மணல்கரை கிடையாது, சுத்திலும் செங்குத்துப் பாறை. அலை வந்து 'தடார்'னு மோதும், 'ஸ்ஸ்ஸ்'னு திரும்பிப் போகும். அங்க ஒரே ஒரு கருப்பு ஓணான். பேரு மையாத்தா. கேக்குறியா?

ம்.

அவளுக்குப் பேச ஆள் இல்ல. காலையில பாறையைத் திட்டுவா, சாயங்காலம் அலையைத் திட்டுவா. ரெண்டும் திருப்பித் திட்டாது. அதுக்கே இன்னும் கோவம் வரும்.

அப்போ வெள்ளச்சின்னு ஒரு கடல்பறவை வந்து, வெறும் பாறையில முட்டை போட்டா. மீனுக்குப் போன புருஷன் திரும்பவே இல்ல. எழுந்து போனா காத்துல முட்டை ஜில்லிட்டுப் போகும். உட்கார்ந்தே கிடந்தா வயிறு காயும்.

"ஏண்டி மையாத்தா, வெயில் குடிச்சு உன் உடம்பு கொதிக்குதே, செத்த நேரம் முட்டையை அணைச்சுக்கோயேன்."

"சும்மாவா? நீதான் கடலெல்லாம் பறக்கிறியே, என்னை மாதிரி ஒருத்தரைத் தேடிக் கண்டுபிடி. அதான் கூலி."

"சரி"ன்னு வெள்ளச்சி 'விர்ர்'னு பறந்தா. 'கறக் கறக்'னு ஒரு நண்டு வந்துச்சு. மையாத்தா சீறின சீறல்ல பின்னாடியே ஓடிப்போச்சு.

அப்புறம் வெள்ளச்சி வந்து, "ஒரு தீவுல பச்சை ஓணான் இருக்கு"ன்னா.

"பச்சையா? இலைகூடவா குடும்பம் நடத்துறது? மறுபடி பாரு!"

ரெண்டாந் தடவை, "உடும்பு மாதிரி ஒருத்தன் இருக்கான். வாயைத் திறந்தா நீ உள்ள."

"அவனுக்கு நான் பலகாரமா? போய்ப் பாருடி!"

மூணாந் தடவை வெள்ளச்சி தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்தா. "எல்லாத் தீவும் பாத்துட்டேன். உன் இனம் இந்தப் பாறையில மட்டும்தான் பிறந்துதாம். இப்போ நீ ஒருத்திதான்."

தூங்கிட்டியா?

ம்... ம்.

மையாத்தாவுக்கு வந்துச்சே கோவம்! "கூலி இல்லேன்னா வேலையும் இல்ல!" பொந்துக்குள்ள போய் மூஞ்சியைத் திருப்பிப் படுத்துக்கிட்டா. வெளியே காத்து 'ஊ...'ங்குது. வெள்ளச்சி பட்டினியா முட்டை மேல உட்கார்ந்திருக்கா. மையாத்தா மெல்லத் திரும்பிப் பாத்தா.

அப்புறம் மையாத்தா வெளியே வந்தா. வெயில்ல முதுகைக் காட்டிப் படுத்தா. உடம்பு நல்லா சுட்டதும் நேரா வந்து, "நகரு. தின்னுட்டு வா."

"கூலி?"

"கேட்டேனா நான்? போடி!"

வெள்ளச்சி போயிட்டா. கண்ணுக்கெட்டின வரைக்கும் தண்ணி. மையாத்தா முட்டையைக் கட்டிக்கிட்டுக் கிடந்தா. அப்போ வயித்துக்கு அடியில, டொக்.

அவளும் ஓட்டுல நகத்தால தட்டினா. டொக்.

உள்ளேருந்து... டொக், டொக்.

பாறையும் அலையும் குடுக்காத பதில் அவளுக்குக் கிடைச்சுடுச்சு, கண்ணு.

ம்னு சத்தத்தைக் காணோமே... சரி, கதையும் போர்த்திக்கிட்டுப் படுத்தாச்சு. நீயும் தூங்கு.