ஏரி நடுவில் நின்ற ஓடம்

'இந்த ஓலையை வாசித்தால் என் உள்ளங்கை வியர்க்கும். சிரிக்க வைக்கத் தெரிந்த வாய்தான். பொய் சொல்லும்போது மட்டும் உலர்ந்து போகிறது.'

வாசிக்கச் சொல்லித் தந்த ஓலையோடு, இப்படி நினைத்தபடி சபையில் நின்றாள் வடிவாம்பாள். முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில், அரசருக்கு விகடம் சொல்லிப் பிழைத்தவள் அவள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். அதிகாரிகள் செய்து முடித்த வேலைகளை ஆண்டுக்கு ஒருமுறை அரண்மனை வாசலில் வாசிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் குடிகள் "கண்டோம்" என்று குரல் கொடுக்க வேண்டும். சில ஆண்டுகளாக அந்தக் குரல் முணுமுணுப்பாகத் தேய்ந்திருந்தது.

"இம்முறை அந்தக் குரலில் கோட்டை அதிர வேண்டும். வாசிப்பவர் யார்?" என்று சற்று முன்புதான் கேட்டிருந்தார் அரசர்.

ஏரிவாரியத் தலைவர் திருமேனியார் எழுந்தார். வடிவாம்பாளின் பேச்சுக்கு அரசர் சிரிப்பது அவருக்கு நெடுநாளாகப் பிடிக்கவில்லை.

"சபையையே அதிர வைக்கும் வடிவாம்பாள் இருக்கையில் வேறு யார், அரசே? ஊர் அதிராவிட்டால் அவர் ஊரைவிட்டே போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்."

அவளிடம் தந்த ஓலையின் முதல் வரி, 'பெரிய ஏரி இரண்டு ஆள் ஆழத்துக்குத் தூர் வாரப்பட்டது' என்றது. வடிவாம்பாளின் வீடு ஏரிக்கரையில்தான். மண்வெட்டிச் சத்தம் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

"ஒரு வேண்டுகோள், அரசே. கண்டால்தானே 'கண்டோம்' என்பார்கள்? ஊர் ஏரிக்கரையில் கூடட்டும். தாங்களும் திருமேனியாரும் ஓடத்தில் ஏரி நடுவே செல்லுங்கள். நான் கரையில் நின்று வாசிக்கிறேன்."

"வெயில் கடுமையாக இருக்குமே, அரசே..." என்று இழுத்தார் திருமேனியார்.

"ஓடத்தில் குடை உண்டு, ஐயா" என்றாள் அவள்.

மறுநாள் காலை ஓடம் ஏரியின் பாதியைக்கூடத் தாண்டவில்லை. அடியில் சரசரவென்று உரசி நின்றுவிட்டது. ஓடக்காரன் இறங்கித் தள்ளினான். தண்ணீர் அவன் முழங்காலைத் தொடவில்லை.

"தள்ளப்பா, தள்ளு!" என்று கத்தினார் திருமேனியார்.

"நீங்களும் இறங்குனா லேசாகும், சாமி."

கரையில் ஒருத்தி சிரித்தாள். "ரெண்டு ஆளு ஆழமாம்! எங்க எருமைக்கு முதுகு நனையலையேடி!"

வடிவாம்பாள் ஓலையை விரித்து முதல் வரியை வாசித்தாள்.

"கண்டோம்!" என்றது ஊர். கொக்குகள் எழுந்து பறந்தன. "கண்டோம்! கண்டோம்!" கோட்டை மதிலில் மோதி அந்தக் குரல் திரும்பி வந்தது.

அரசர் சேற்றில் நடந்து கரையேறினார். பிறகு தம் கால்களைக் குனிந்து பார்த்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"திருமேனியாரே, மண்வெட்டியோடு இங்கேயே இரும். உம் தலைக்கு மேல் தண்ணீர் நிற்கும் ஆழம் வந்தபின் சபைக்கு வரலாம்."

தம் முத்துமாலையைக் கழற்றி வடிவாம்பாளிடம் கொடுத்தார். எழுத்தாணியையும் நீட்டினார்.

"ஓலையில் ஒரு வரி சேர்த்துவிடு. 'அரசர் தாமே ஏரியில் இறங்கிப் பார்வையிட்டார்' என்று."

எழுத்தாணியை வாங்கினாள். அதுவரை உலர்ந்திருந்த உள்ளங்கை மெல்ல ஈரமானது.

அவள் எழுத்தாணியை அரசரின் பக்கத்தில் வைத்தாள். அதனருகில் மாலையையும் வைத்தாள்.

"அதை மட்டும் நான் எழுத மாட்டேன், அரசே. ஓடம் தரைதட்டியதால்தானே இறங்கினீர்கள்?"