ஆள்காட்டிக்குக் குரல் வந்த நாள்

பறவையும் விலங்கும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆள்காட்டிக் குருவி இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது. கூட்டருகே யார் வந்தாலும் அது வாயைத் திறக்காது. மரத்தில் கூடு கட்டத் தெரியாத பறவை அது. வெட்டவெளியில், சரளைக் கற்களுக்கு நடுவே சிறு பள்ளம் பறித்து முட்டையிடும். முட்டையும் கல் போலவே இருக்கும். சத்தம் போடாமல் இருக்கும் வரைக்கும் ஆபத்தில்லை.

அந்த இனத்தில் செங்கண்ணி என்று ஒருத்தி. ஏரி வற்றிப்போன ஒரு கோடையில் அவள் நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. இன்னும் மூன்று நாளில் குஞ்சு பொரிந்துவிடும். அந்த மூன்று நாளை நினைத்தாலே அவளுக்கு நெஞ்சு படபடத்தது. மேலே பருந்தின் நிழல் போனால் மூச்சை அடக்குவாள். காய்ந்த புல் அசைந்தால் கீரியோ என்று உடம்பு விறைத்துப்போகும்.

ஏரியின் நடுவில் ஒரே ஒரு குட்டையில்தான் தண்ணீர் மிச்சம் இருந்தது. காட்டு உயிர்கள் எல்லாம் அங்கேதான் வந்தாக வேண்டும். அது தெரிந்து கொற்றன் என்ற வேடன் தினமும் வில்லோடு வந்து கோரைக்குள் பதுங்கினான். செங்கண்ணி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவன் முதுகு நன்றாகத் தெரியும். தண்ணீருக்கு வருபவர்களுக்குத்தான் தெரியாது.

முதல் நாள் ஒரு பெண்முயல் அம்பு பட்டு விழுந்தது. அதன் குட்டிகள் புதருக்குள்ளிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. செங்கண்ணிக்கு அன்று இரை இறங்கவில்லை.

மறுநாள் நண்பகலில், துணைப் பறவையை முட்டைமேல் உட்காரவைத்துவிட்டு, ஏரிக்கரை மருத மரத்தடிக்குப் போனாள். அங்கே சுமணர் என்ற பிக்கு தங்கியிருந்தார். ஊருக்குள் பிச்சை ஏற்று உண்பவர்.

"அடிகளே, கருணை கருணை என்று ஊராரிடம் பேசுகிறீர்களே, அது என்ன?" என்று கேட்டாள்.

"அந்த முயல் விழுந்தபோது உனக்கு எங்கே வலித்தது?"

"வயிற்றில். என் முட்டை உடைந்த மாதிரி."

"அதுதான்."

"அது வெறும் வலி. அந்த வலியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கத்தினால் முயல் பிழைக்கும், என் கூடு தெரிந்துவிடும்."

சுமணர் சொன்னார். "கத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு முட்டை இல்லை. கொற்றனிடமும் பேசிப் பார்த்தேன். வீட்டில் கைக்குழந்தை, தாய்க்குப் பால் வற்றிவிட்டது என்றான். என் பிச்சை ஓட்டில் விழும் சோற்றில் பாதியை அங்கேதான் கொடுக்கிறேன். போதவில்லை."

கொண்டுவந்த பாரத்தோடு இன்னொரு பாரமும் ஏறிக்கொள்ள, செங்கண்ணி திரும்பிப் போனாள்.

அடுத்த நாள் விடியும்போது துணைப் பறவை இரை தேடப் போயிருந்தது. கொற்றன் வந்தான். இந்த முறை கோரைக்குள் போகாமல், கூட்டுக்குப் பத்தடி தள்ளி ஒரு பாறைக்குப் பின்னால் குந்தினான். செங்கண்ணி மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொண்டாள். அவள் வயிற்றுக்கடியில் மெல்லிய தட்டல் கேட்டது. ஒரு முட்டைக்குள்ளிருந்து குஞ்சு ஓட்டைக் கொத்தத் தொடங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு மான் வந்தது. பின்னாலேயே, கால் ஊன்ற முடியாமல் நொண்டியபடி அதன் குட்டி. தாய் குனிந்து குடிக்கவில்லை. குட்டி குடித்து முடிக்கட்டும் என்று நின்றது. கொற்றன் நாணை இழுத்தான்.

இன்றைக்கு வேண்டாம், ஓடு உடைகிற இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று செங்கண்ணி தனக்குள் கெஞ்சினாள். யாரிடம் கெஞ்சுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மறுகணம் அவள் தொண்டையிலிருந்து ஒரு கத்தல் கிளம்பியது. அது தன்னுடைய குரல்தான் என்று புரிவதற்குள் அவள் கூட்டின் மேலே பறந்துகொண்டிருந்தாள்.

மானும் குட்டியும் மறைந்துவிட்டன. கொற்றன் ஆத்திரத்தோடு எழுந்து, கத்தல் வந்த இடத்தை நோக்கி நாலு எட்டு வைத்தான். காலடியில் ஏதோ நொறுங்கியது.

காலைத் தூக்கிப் பார்த்தான். இரண்டு முட்டைகள் நசுங்கிக் கிடந்தன. பக்கத்தில் மூன்றாவது முட்டை பிளந்து, ஈரம் காயாத குஞ்சு ஒன்று தலையைத் தூக்க முயன்றது. நான்காவது முட்டை உடையாமல் கிடந்தது. வில்லைக் கீழே போட்டுவிட்டு அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே" என்றான். "நான் பார்த்திருக்கவே மாட்டேன்."

"மானுக்கும் பிள்ளைதானே" என்றாள் செங்கண்ணி.

"எனக்கும் பிள்ளை இருக்கிறது."

"தெரியும். அதனால்தான் உன் கண்ணைக் கொத்த வந்தவள் கொத்தாமல் நிற்கிறேன்."

அவன் எழுந்திருக்கவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்குப் போக அவனுக்குப் பயமாக இருந்தது. அது அவன் முகத்தில் தெரிந்தது. செங்கண்ணி உடைந்த ஓடுகளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"குட்டைக்கு மேற்கே சேறு இன்னும் காயவில்லை" என்றாள். "முழங்கை ஆழம் தோண்டு. அல்லிக்கிழங்கு கிடைக்கும். பூச்சி பொறுக்கும்போது பார்த்திருக்கிறேன்."

கொற்றன் தோண்டினான். மடி நிறையக் கிழங்கோடு போனான். வேட்டையை அவன் ஒரேயடியாக விட்டுவிடவில்லை. ஆனால் அந்தக் கோடை முழுக்க, அந்தக் குட்டைக்கு வில்லோடு வரவில்லை.

பிச்சைக்குப் புறப்பட்ட சுமணர் அந்த வழியாக வந்தார். "நான் செய்தது சரிதானா?" என்று செங்கண்ணி கேட்டாள். அவர் பிச்சை ஓட்டைக் கீழே வைத்துவிட்டு, நசுங்கிய முட்டைகளை மண்ணில் புதைத்தார். வெயில் ஏறும்வரை அவளருகே உட்கார்ந்திருந்தார். அன்று அவர் பிச்சைக்குப் போகவில்லை.

பிழைத்த இரண்டு குஞ்சுகளும் வளர்ந்தன. செங்கண்ணியின் படபடப்பு மட்டும் குறையவே இல்லை. வாயை மூடு என்று குஞ்சுகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவளால் முடியவில்லை. கூட்டில் இருந்தபடியே கத்து என்று சொல்லவும் மனம் வரவில்லை. யோசித்து யோசித்து வேறொன்றைக் கற்றுக்கொடுத்தாள்.

ஆள் வருவதைக் கண்டால் ஆள்காட்டி சத்தமில்லாமல் கூட்டைவிட்டு எட்டி நடந்துபோய், அங்கிருந்து மேலே எழும்பி, காட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்துவது அன்று தொடங்கியதுதான்.