தனித்தனி ஈரல்

"என் மருந்துல ஒரு குத்தமும் இல்ல மேடம். அப்புறம் ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கறீங்க?"

வந்ததும் வராததுமாகக் கேட்டார் பூவராகன்.

வலிப்புக்கு மருந்து கண்டுபிடித்திருந்தார் மனிதர். எலி பிழைத்தது, முயல் பிழைத்தது. இனி அதை அவருடைய மகள் குந்தவிக்குக் கொடுக்கவேண்டும். அவள் போன வாரம் வலிப்பு வந்து குளியலறையில் விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

ஹெப்சிபா அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் பூவராகனுக்கு இவர்தான் குரு. வாயில் போட்ட மருந்தை ஈரல் என்னவாக மாற்றுகிறது என்று பார்த்துப் பார்த்தே பெயர் வாங்கிய பெண்மணி. அந்த ஊரில் அவர் கையெழுத்து இல்லாமல் எந்தப் புது மருந்தும் மனிதர் நாக்கில் படாது.

"ஈரல்ல விட்டுப் பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேனே. தானமாக் குடுத்த ஈரலையெல்லாம் அரைச்சு, ஒண்ணாக் கலந்து, அதுல மருந்தை விட்டேன். சுத்தம்."

"எதுக்குக் கலந்தீங்க?"

"எல்லாரும் அப்படித்தானே செய்யறோம். சராசரி தெரிஞ்சாப் போதும்ல."

ஹெப்சிபா எழுந்து குளிர்ப்பெட்டியைத் திறந்தார். வெள்ளைப் புகை தரையெல்லாம் வழிந்தது. உள்ளேயிருந்து குழாய்களை எடுத்து, உடம்புச் சூட்டில் இருந்த தண்ணீரில் ஒவ்வொன்றாக நிறுத்தினார்.

"இவர் லாரி மோதிப் போனவர். இந்தம்மா மாடிப்படியில தவறி விழுந்தவங்க. இவர் பேரைச் சொல்லவேண்டாம்னு வீட்டுல கேட்டுக்கிட்டாங்க."

அறிமுகம் செய்வதுபோலவே சொன்னார். பூவராகனுக்கு அது பிடிக்கவில்லை.

"இப்பக் கலக்காம மருந்தை விடுங்க."

விட்டார். காத்திருந்தார்கள். ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். சுத்தம். சுத்தம். சுத்தம். பெயர் சொல்லாதவரின் குழாயில் மட்டும் மருந்தைக் காணோம். அங்கே வேறு ஏதோ இருந்தது. அதை உயிருள்ள செல்களின் மேல் விட்டார்கள். மறுநாள் காலை ஒரு செல்கூட மிச்சமில்லை.

"சூட்டுல மருந்து தானாக் கெட்டிருக்கும் மேடம்."

ஹெப்சிபா அதே ஈரலில் கொஞ்சம் எடுத்துக் கொதிக்கவைத்தார். ஆறிய பிறகு அதிலும் மருந்தை விட்டு, அதே சூட்டில் வைத்தார். இந்த முறை மருந்து போட்டது போட்டபடியே கிடந்தது.

"இப்பத்தான் இவர் முழுசாப் போனார்" என்றார்.

பூவராகன் அந்தக் குழாயைப் பார்த்தார்.

"அப்ப இத்தனை நாளா?"

"வேலை செஞ்சுக்கிட்டுத்தான் இருந்தார். ஆள் போனதை யாரும் ஈரலுக்குச் சொல்லல. குடுக்கறதை வாங்கிக்கும், தனக்குத் தெரிஞ்சதைச் செய்யும்."

"உங்க மருந்து யாரையும் கொல்லாது சார்" என்று ஹெப்சிபாவே தொடர்ந்தார். "அதை வச்சு இவர் செஞ்சதுதான் கொல்லும்."

பூவராகன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஒரே ஒருத்தர் மேடம். மத்தவங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. இந்த ஒருத்தருக்காக நிறுத்தச் சொல்றீங்களா? அடுத்த தடவை விழுந்தா என் பொண்ணு எந்திரிக்க மாட்டா."

"நியாயம்தான்" என்றார் ஹெப்சிபா.

குளிர்ப்பெட்டியிலிருந்து அதே ஈரல்களைப் புதுக் குழாய்களில் எடுத்துவந்தார். சூடு ஏறியதும் குழாய்களின் மேல் எழுதியிருந்ததையெல்லாம் பஞ்சால் துடைத்தார். கண்ணை மூடிக்கொண்டு இடம் மாற்றி மாற்றி வைத்தார். பிறகு வரிசையாகப் பூவராகன் முன்னால் நகர்த்தினார்.

யாரோ உள்ளேயிருந்து மூச்சு விட்டாற்போலக் குழாய்களில் ஆவி படிந்திருந்தது.

"இதுல குந்தவி எதுன்னு எடுத்துக் குடுங்க சார். கையெழுத்துப் போடறேன்."

பூவராகன் முதல் குழாயைத் தொட்டார். விட்டுவிட்டார். அடுத்ததைத் தொட்டார். அதுவும் உடம்புபோல வெதுவெதுப்பாக இருந்தது. எல்லாமே அப்படித்தான் இருந்தன.

கையை எடுத்துக்கொண்டார்.

பிறகு சட்டைப் பைக்குள் கைவிட்டார். கையெழுத்து கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இன்று சாயங்காலம் மகளுக்குக் கொடுத்துவிடுவது என்று எடுத்துவந்திருந்த மாத்திரைப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார்.