புள்ளி பார்த்த காவல்

ஒரு காட்டில், குழந்தைகளே, கோடை வந்து எல்லா ஓடைகளையும் குடித்துவிட்டது. ஒரே ஒரு மடுவில்தான் தண்ணீர் மிச்சமிருந்தது.

மடுவைச் சுற்றி முள்ளுப் புதர். உள்ளே போக ஒரே ஒரு இடைவெளி. அதன் பக்கத்தில் ஒரு புள்ளிமான் கூட்டம் தங்கியிருந்தது. கூட்டத்தின் தலைவர் பெயர் கொம்பனார். கொம்பு பெரியது, குரல் அதைவிடப் பெரியது.

ஒருநாள் செந்நாய்கள் வந்து ஒரு மான்குட்டியைத் தூக்கிக்கொண்டு போயின. அன்றிலிருந்து மான்களுக்குத் தண்ணீரே இறங்கவில்லை. ஒரு வாய் குடிப்பது, தலையைத் தூக்கிப் பார்ப்பது, மறுபடி ஒரு வாய், மறுபடி தலையைத் தூக்குவது என்றே பொழுது போனது.

"இப்படிக் குடித்தால் தாகம் தீராது, விக்கல்தான் வரும்," என்றார் கொம்பனார். "நமக்கு ஒரு காவல் வேண்டும்."

அடிவாரத்துத் தென்னந்தோப்பிலிருந்து ஒரு கரிச்சான் குருவி அப்போதுதான் காட்டுக்குக் குடிவந்திருந்தது. கண் கூர்மையானது. தொண்டையும் அப்படித்தான். தோப்புக் கிணற்றில் மோட்டார் ஓடும் சத்தத்தைக்கூட அச்சாகச் செய்து காட்டும். ஆனால் காட்டு விலங்கு எதையும் அது பார்த்ததில்லை.

"அதனாலென்ன? நாம் காட்டிக் கொடுப்போம்," என்றார் கொம்பனார்.

மான்கள் வரிசையாக வந்து கரிச்சான் முன்னால் நின்றன. ஒரு பெண்மான் இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது. "முதுகையும் நன்றாகப் பார்த்துக்கொள் தம்பி. எனக்கு முதுகுப் புள்ளிதான் அழகு," என்றது.

"இவர்கள் எல்லாம் நம்மவர்கள். வந்தால் 'நம்மவர்' என்று கூவு. வழி விடுவோம்," என்றார் கொம்பனார்.

பிறகு கரிச்சானை மேட்டுக்கு அழைத்துப் போனார். தூரத்துப் பாறைமேல் செந்நாய்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

"செங்கல் நிறத்தில் படுத்திருக்கிறதே, அதுதான் செந்நாய். வந்தால் கத்து. கொம்பை வைத்து வழியை மறித்துவிடுவோம்."

"இவ்வளவுதானா? வேறு யாரும் இல்லையா?" என்று கேட்டது கரிச்சான்.

"வேறு யார் இருக்கிறார்கள்?" என்றார் கொம்பனார். தன் கூட்டத்தைத் தவிர வேறு கூட்டம் எதையும் அவர் அவ்வளவாகக் கவனித்ததில்லை.

அடுத்து ஒரு பரீட்சை வைத்தார்கள். அதே மான்கள் மறுபடியும் வரிசையில் வந்தன. "நம்மவர்! நம்மவர்! நம்மவர்!" என்று கரிச்சான் தயங்காமல் கூவியது. அதே மேட்டுக்குப் போய், "செந்நாய்!" என்று சரியாகச் சொன்னது.

"ஒன்றுகூடத் தப்பவில்லை!" என்று மான்கள் துள்ளின. அன்று முதல் எந்த மானும் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

வற்றிய ஓடைகளில் சில நாள் தண்ணீர் தேடி அலைந்துவிட்டு, மறுநாள் காலையில் செம்பி வந்தாள். செம்பி ஒரு கேளையாடு. பெயரில்தான் ஆடு, உண்மையில் அது ஒரு சிறிய மான். செம்மண் நிறம், புள்ளி கிடையாது. ஆபத்தைக் கண்டால் நாய் போலக் குரைக்கும். செம்பியோடு அவள் குட்டி துளிரும் வந்தது. தாய்க்குத் தண்ணீர் இல்லாமல் பால் வற்றி, குட்டியின் உதடுகள் காய்ந்து போயிருந்தன.

இடைவெளிக்குப் பக்கத்து மரக்கிளையிலிருந்து கரிச்சான் கீழே பார்த்தது. புள்ளி இல்லை. நிறமோ செங்கல்.

"செந்நாய்! செந்நாய்!"

கொம்புகள் தடதடவென்று வந்து வழியை அடைத்தன.

"அம்மா, செந்நாய் என்றால் யார்?" என்று கேட்டது துளிர்.

"நம்மைத் தின்பவன்."

"அப்படியென்றால் நான் என்னையே தின்றுவிடுவேனா?"

செம்பிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "ஐயா, கொம்பனாரே! நான் செம்பி. என்னைத் தெரியவில்லையா? போன மழைக்கு நாவல் மரத்தடியில் சேர்ந்துதானே பழம் பொறுக்கினோம்?" என்று கூப்பிட்டாள்.

கொம்பனார் எட்டிப் பார்த்தார். கொஞ்சம் நெளிந்தார்.

"எனக்குத் தெரிகிறதம்மா. பறவைக்குத் தெரியவில்லையே!"

"உங்களுக்குத்தான் கண் இருக்கிறதே?"

"இருக்கிறது. ஆனால் பறவை ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. பரீட்சையே வைத்துவிட்டோம்."

"யாரை வைத்துப் பரீட்சை வைத்தீர்கள்?"

"எங்களை வைத்துத்தான்."

"அதில் நான் இல்லையே ஐயா."

"இதோ பார் செம்பி. உன் ஒருத்திக்காக விட்டால், நாளைக்குச் செந்நாய் வந்து 'நானும் கேளையாடுதான்' என்று நிற்கும். பறவை ஒருநாள் உன்னை 'நம்மவர்' என்று சொல்லட்டும், நானே வந்து அழைத்துப் போகிறேன்," என்று சொல்லிவிட்டுக் கொம்பனார் தண்ணீருக்குத் திரும்பினார்.

துளிர் மட்டும் மரத்தடியிலேயே நின்று அண்ணாந்து பார்த்தது.

"மாமா, நான் புல்தானே தின்கிறேன்?"

"செந்நாய் எதைத் தின்னும் என்று எனக்கு யாரும் காட்டவில்லை," என்றது கரிச்சான்.

"போன மாதம் வந்திருந்தால் எனக்கும் புள்ளி இருந்தது மாமா. இப்போதுதான் மறைந்துவிட்டது."

கரிச்சானுக்கு என்னவோ போலிருந்தது. அந்தக் குட்டியை மறுபடி ஒருமுறை பார்த்தது. செங்கல் நிறம். "செந்நாய்," என்றது, ஆனால் மெதுவாக.

சாயங்காலமும் அப்படியே ஆயிற்று. மறுநாள் காலையிலும் அப்படியே. துளிரால் நிற்க முடியவில்லை. செம்பி அதை இடைவெளிக்கு எதிரே இருந்த உன்னிச்செடிப் புதருக்குள் படுக்க வைத்து, காய்ந்த மூக்கை நக்கிக்கொண்டிருந்தாள். மடுவில் தண்ணீர் மினுங்குவது அங்கிருந்தே தெரிந்தது.

உச்சி வெயிலில் மலைக்கு அப்பாலிருந்து ஒரு சிறுத்தை வந்தது.

வயிறு தரையில் படப் பதுங்கிப் பதுங்கி வந்தது. உடம்பெல்லாம் புள்ளி. கரிச்சான் அதைப் பார்த்ததும் சிறகை அடித்து உற்சாகமாகக் கூவியது:

"நம்மவர்! நம்மவர்!"

சிறுத்தை திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரும் இல்லை.

"என்னையா சொன்னாய்?"

"உங்களைத்தான் அண்ணே! ஏன் இப்படித் தவழ்ந்து வருகிறீர்கள்? காலில் முள்ளா?"

"ஆமாம் தம்பி, முள்," என்றது சிறுத்தை.

"புள்ளிகூட ரொம்பக் கறுத்துவிட்டதே?"

"வெயில் தம்பி. என்ன வெயில்!"

"கொம்பைக் காணோமே?"

"விழுந்துவிட்டது."

"கவலைப்படாதீர்கள் அண்ணே. எங்கள் கூட்டத்திலும் நிறையப் பேருக்கு விழுந்திருக்கிறது, மறுபடி முளைத்துவிடும். போங்கள், போய்க் குளிர்ச்சியாகக் குடியுங்கள்!"

சிறுத்தைக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அதை யாரும் வா என்று கூப்பிட்டதில்லை. எழுந்து நிமிர்ந்து நடந்தது. காவல் நின்ற ஆண்மான்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒதுங்கி வழிவிட்டன. உள்ளே எல்லாத் தலைகளும் தண்ணீரில் இருந்தன.

புதருக்குள்ளிருந்து செம்பி இதைப் பார்த்தாள்.

குரைத்தால், தானும் குட்டியும் இருக்கும் இடம் சிறுத்தைக்குத் தெரிந்துவிடும். துளிரால் ஓட முடியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் சிறுத்தை ஒரு மானை இழுத்துக்கொண்டு போகும், மற்றவை சிதறி ஓடும், மடு காலியாகிவிடும். குட்டிக்கு வேண்டிய தண்ணீர் கிடைத்துவிடும்.

செம்பி ஒரு கணம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

மடுவின் ஓரத்தில் ஒரு சிறிய மான்குட்டி முன்னங்கால்களைத் தண்ணீரில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. சிறுத்தை அதை நோக்கித்தான் போனது.

"வள்! வள்! வள்!"

மடுவில் காதுகள் விறைத்தன.

"யாரோ குரைக்கிறார்கள்!" என்றது ஒரு மான்.

"பறவை என்ன சொல்கிறது?" என்றது இன்னொன்று.

"நம்மவர் என்கிறது."

"அப்படியானால் ஒன்றும் இருக்காது. குடி."

"வள்! வள்! கொம்பனாரே, தலையைத் தூக்கிப் பாரும் ஐயா!"

கொம்பனார் கரிச்சானைப் பார்த்தார். காவல் வைத்ததிலிருந்து அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்ன தோன்றியதோ, தானே திரும்பிப் பார்த்தார்.

ஒரு பாய்ச்சல் தூரத்தில் புள்ளிகள் இருந்தன. புள்ளிகளுக்கு நடுவில் பல் இருந்தது.

"ஓடுங்கள்!"

தண்ணீர் நாலாபக்கமும் சிதறியது. சிறுத்தை பாய்ந்தது. கொம்பனார் குட்டியை முட்டித் தள்ளிவிட்டு விலகியபோது, சிறுத்தையின் நகம் அவர் தொடையைக் கிழித்தது. அவ்வளவுதான். மான்கள் எல்லாம் முள்ளுப் புதருக்கு வெளியே போய்விட்டன.

தான் இருப்பது தெரிந்த பிறகு சிறுத்தை துரத்தாது, அது அதன் குணம். குனிந்து கொஞ்சம் தண்ணீர் குடித்தது. மீசையை நக்கிக்கொண்டு வெளியே வந்தது. உன்னிச்செடிப் பக்கம் ஒருமுறை முகர்ந்தது. கொம்பனார் நொண்டிக்கொண்டே வந்து, கொம்பைத் தாழ்த்திப் புதருக்கு முன்னால் நின்றார். மற்ற ஆண்மான்களும் ஒவ்வொன்றாக வந்து பக்கத்தில் நின்றன. இத்தனை கொம்புகளைப் பார்த்ததும் சிறுத்தை அலுத்துக்கொண்டு நடையைக் கட்டியது. மரத்தடியில் மட்டும் நின்று அண்ணாந்து பார்த்தது.

"ரொம்ப நன்றி தம்பி. நாளைக்கும் நீதானே காவல்?"

அது போன பிறகுதான் கரிச்சானுக்கு எல்லாம் புரிந்தது. கிளையில் சுருண்டு உட்கார்ந்துகொண்டது.

"இறங்கி வாடா கீழே! சிறுத்தைக்கு அண்ணன் முறை வைத்தாயே!" என்று மான்கள் கத்தின.

"அதை ஏன் திட்டுகிறீர்கள்?" என்றாள் செம்பி. "நீங்கள் காட்டியதை அது பார்த்தது. நீங்கள் காட்டாத எங்களை அதற்கு எப்படித் தெரியும்? அது சின்னப் பறவை. நீங்களெல்லாம் தலையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டீர்களே!"

கொம்பனார் துளிரின் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"ஏறிக்கொள்கிறாயா, சாய்ந்துகொள்கிறாயா?"

துளிர் சாய்ந்துகொண்டது. இருவரும் மெல்ல நடந்து மடுவுக்குப் போனார்கள். குட்டி முகத்தையே தண்ணீருக்குள் விட்டுக் குடித்தது. அது குடித்து முடிக்கும்வரை எந்த மானும் தண்ணீரில் வாய் வைக்கவில்லை. எல்லாம் தலையைத் தூக்கி நான்கு திசையும் பார்த்துக்கொண்டு நின்றன.

மறுநாள் கரிச்சானே பறந்து பறந்து காட்டை அழைத்தது. காட்டுமாடு வந்தது, கடமான் வந்தது, சருகுமான் வெட்கப்பட்டுக்கொண்டே வந்தது. முள்ளம்பன்றி, "என்னைப் பின்னாலிருந்தும் பார்த்துக்கொள். பெரும்பாலும் அப்படித்தான் பார்ப்பாய்," என்றது. நிழலில் நிற்கச் சொன்னது கரிச்சான், வெயிலில் நிற்கச் சொன்னது, நனைந்து வரச் சொன்னது. பக்கத்தில் முறை வைத்து ஒரு மான் தலை நிமிர்ந்து நின்றது.

சில நாள் கழித்து ஒரு மாலை. தலை முதல் வால் வரை சேறு அப்பிக்கொண்டு, என்ன நிறமென்றே தெரியாத ஏதோ ஒன்று இடைவெளிக்கு வந்தது.

கரிச்சான் சாய்ந்து பார்த்தது. நிமிர்ந்து பார்த்தது. அடுத்த கிளைக்குத் தாவிப் பார்த்தது.

"தெரியவில்லை," என்றது. "கொஞ்சம் இரு. பக்கத்தில் வந்து பார்க்கிறேன்."

இறங்கி வந்து, சேற்றுக்கு நடுவில் தெரிந்த இரண்டு கண்களை உற்றுப் பார்த்தது.

"அட, துளிரா! உன் அம்மா பார்த்தால் உதைதான். ஓடு, ஓடிப்போய்க் குளி!"

நீதி: நம்மைப் போன்றவர்களை மட்டுமே காட்டிப் பழக்கிய கண், நண்பனைத் தடுக்கும், பகைவனுக்கு வழிவிடும்.