உடும்பின் போனில் மட்டும் திறந்த கடை

குளக்கரையில் ஒரு கருவேல மரம் நின்றது. அதன் கிளைகள் தண்ணீர்மேல் சாய்ந்திருந்தன. அங்கே ஒரு தூக்கணாங்குருவி கூடு கட்டி விற்று வந்தது.

தூக்கணாங்குருவிகளில் கூடு கட்டுவது ஆண். இதைச் சொல்லாவிட்டாலும் கதை கெட்டுவிடாது. ஆனால் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. நான் ஓர் உடும்பு. எங்கள் குலம் பிடித்தால் விடாது. சுவரானாலும் சரி, கருத்தானாலும் சரி.

குருவியின் கடை இணையத்தில் இருந்தது. காட்டின் எந்த மூலையிலிருந்தும் போனில் கூட்டைப் பார்த்து ஆர்டர் செய்யலாம். அணில் அக்கா அதை முதுகில் சுமந்து கொண்டுபோய்க் கொடுப்பாள். இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆகவே தினமும் அதைத் திறந்து பார்ப்பேன். அழகாக இருக்கும். மூடிவிடுவேன்.

வேலையில் சேரும்போது, ‘இனி முட்டை தின்ன மாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்திருந்தேன். கூடு விற்கும் கடையில் உடும்பு இருந்தால் வருகிறவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள் அல்லவா?

மழைக்கு முந்தின ஒரு வாரம்தான் அந்தக் கடைக்கு வியாபாரம். அதற்காகக் குருவி கோடையின் கடைசி நாட்களில் இரவுபகலாகப் பாடுபட்டு நாற்பது கூடுகளை முடைந்து தொங்கவிட்டிருந்தது. பச்சை மங்காத கூட்டைத்தான் பறவைகள் வாங்கும். அந்த வாரம் போனால் ஆண்டே போயிற்று.

“உடும்பண்ணே, அந்த வாரம் பார்த்து கடை படுத்துடாதே?” என்று குருவி கேட்டது.

“படுக்காது! காவல் போட்டிருக்கிறேன்” என்றேன். “ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கணினி நிரல் நம் கடையை வெளியிலிருந்து எட்டிப் பார்க்கும். கடை திறக்கவில்லை என்றால் உடனே மின்னஞ்சல் அனுப்பும்!”

“எந்த முகவரிக்கு?” என்றாள் அணில் அக்கா.

“நம் கடையின் முகவரிக்குத்தான்.”

“அந்தப் பெட்டியும் கடை இருக்கிற அதே சர்வர்லதானே இருக்கு? சர்வர் படுத்தா அஞ்சல் எங்கே வந்து விழும்?”

நான் சிரித்தேன். படித்தவர்கள் சிரிக்கும் விதமாக, மூக்கால் சிரித்தேன். பிறகு அஞ்சல் முறையின் வரலாற்றைப் புறாவிலிருந்து தொடங்கிச் சொன்னேன். குதிரைக்கு வருவதற்குள் அவள் போய்விட்டாள். விவாதத்தில் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வென்ற மகிழ்ச்சியில் கடைக்கு ஓர் அணிகலன் சேர்க்க எண்ணினேன். ‘கூடுகளின் தோற்றமும் வளர்ச்சியும்’ என்று முப்பத்திரண்டு பகுதிகளில் ஒரு கட்டுரை எழுதித் தளத்தில் ஏற்றினேன். ஒவ்வொரு பகுதிக்கும் படங்கள் உண்டு. கூடுகளின் படங்கள் சில. அவற்றின் அருகே நான் நிற்கும் படங்கள் பல. எல்லாம் பெரிய படங்கள். என் வால் முழுவதும் வர வேண்டுமே!

திங்கட்கிழமை மேகம் திரண்டது. தவளைகள் தொண்டையைச் சரிசெய்துகொண்டன. ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை.

“என்னண்ணே, யாரையும் காணோம்?” என்றது குருவி.

போனை எடுத்துத் தளத்தைத் திறந்தேன். பளிச்சென்று திறந்தது. “இதோ பார், கடை திறந்திருக்கிறது. காவல் நிரலிடமிருந்தும் ஒரு கடிதம் இல்லை. இது சந்தையின் மந்தம்!”

செவ்வாயும் அப்படியே போயிற்று. மந்தத்தின் காரணங்கள் ஏழு என்று விளக்கினேன்.

“வேற யாரோட போன்லயாவது ஒருதரம் பார்த்துடலாமே?” என்றாள் அணில் அக்கா.

“தெரிந்தவன் ஒருவன் பார்த்த பிறகு தெரியாதவர் பார்ப்பதில் என்ன பயன்?”

“அதுவும் சரிதான், அண்ணன் படிச்சவரு” என்றது குருவி. அது என்னை நம்பியது. இன்றைக்கும் எனக்கு உறுத்துவது அதுதான்.

புதன்கிழமை கடைசியாக ஒருமுறை போனில் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டேன். வியாழக்கிழமை காலை ஒரு சில்லை பறந்து வந்தது. சிறிய குருவி. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்ததால் மூச்சு வாங்கியது. வயிறு கனத்திருந்தது. என்னைக் கண்டதும் அஞ்சிப் பின்வாங்கி, பிறகு மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு என் முன்னாலேயே உட்கார்ந்தது. முட்டையிடப் போகும் பறவை உடும்பின் முன்னால் வந்து உட்கார்கிறது என்றால், அதற்கு வேறு வழியில்லை என்று பொருள். எனக்கோ அது புரியவில்லை.

“இது கூடு கடைதானே? மூணு நாளா உங்க கதவைத் தட்டுறேன்! திறக்கவே மாட்டேங்குது! எனக்கு நாளைக்கு முட்டை, ஐயா!”

“திறந்துதான் இருக்கிறது, அம்மா. உங்கள் போனில் கோளாறு இருக்கும்.”

“என் போன்ல கோளாறு. சரி. என் தங்கச்சி போன்லயும் கோளாறா? எதிர்மரத்துப் புறா போன்லயுமா? எங்க தோப்பு மொத்தமும் உங்க கடை திறக்கலைன்னு காக்காகிட்ட போய் வாங்கிட்டாங்க! அவன் நாலு சுள்ளியைக் குறுக்கே வச்சு கூடுன்னு விக்கிறான். அதுக்குள்ள நின்னா வானம் தெரியுது! அதான் நான் இங்க நேர்ல வந்தேன்.”

போனை நீட்டியது. ‘தளத்தைத் திறக்க இயலவில்லை’ என்று இருந்தது. என் போனை நீட்டினேன். பளிச்சென்று இருந்தது.

அணில் அக்கா என் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். “உடும்பாரே, இதுல போன வாரத் தேதி இருக்கு! உங்க போன் பழைய பக்கத்தைச் சேர்த்து வச்சுக்கிட்டு அதையே உங்களுக்குக் காட்டிட்டு இருந்திருக்கு!”

சர்வருக்குள் நுழைந்து பார்த்தேன். அங்கே எள் போடவும் இடமில்லை. முப்பத்தொன்றாம் பகுதியில் என் படம் பாதி ஏறியபோது இடம் தீர்ந்திருந்தது. என் வாலோடு கடை நின்றுவிட்டது. காவல் நிரல் பாவம், கடமை தவறவில்லை. மூன்று நாளில் எண்ணூற்று அறுபத்து நான்கு கடிதங்கள் அனுப்பியிருந்தது. அவை போய்ச் சேர வேண்டிய பெட்டியும் அதே சர்வரில் மூச்சுத் திணறிக் கிடந்தது.

“கட்டுரையை அழிச்சுடுங்கண்ணே!” என்றது குருவி.

“கூடுகளின் படங்களை அழித்தால் போதாதா?” என்று கேட்டேன். ஆம், கேட்டேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை விவரிக்க என் நூலறிவில் சொல் இல்லை.

அழித்தேன். கடை எழுந்து நின்றது. சில்லைக்கு அப்போதே ஒரு கூட்டைக் கொடுத்து, அணில் அக்கா கூடவே கிளம்பினாள். நண்பகலுக்குள் இன்னும் நான்கு ஆர்டர்கள் வந்தன. பிறகு மழை வந்தது.

முப்பத்தைந்து கூடுகள் காலியாக ஆடின. பச்சை வெளுத்து, பழுப்பாகி, ஒவ்வொன்றாகக் குளத்தில் விழுந்தன. குருவி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது ஏற்பாடு வேறு. காவல் நிரலின் செய்தி, எங்கள் சர்வரோடு எந்த உறவும் இல்லாத அக்கரைத் தவளையின் போனுக்குப் போகிறது. அது போடும் சத்தத்தில் குளமே எழுந்துவிடும். சர்வரில் முக்கால் பங்கு நிரம்பினாலே அதற்குச் செய்தி வரும். தினமும் காலையில் அணில் அக்கா வழியில் போகிற யாரையாவது நிறுத்தி, அவர்கள் போனில் கடையைத் திறந்து ஓர் ஆர்டர் போட்டுப் பார்த்து, பிறகு ரத்து செய்கிறாள். எனக்கு எதையும் தளத்தில் ஏற்ற அனுமதி இல்லை.

அடுத்த ஆண்டு மழைக்கு முன் ஒருநாள் தவளை கத்தியது. “என் போனில் திறக்கிறதே!” என்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பத்து நிமிடத்தில் அவர்களே சரிசெய்துவிட்டார்கள். அந்த வாரம் நாற்பது கூடுகளும் விற்றன.

சில்லையும் மறுபடி வாங்கியது. கடைப் பக்கத்தில் கருத்தும் எழுதியது: ‘கூடு அருமை. போன வருடம் மூன்று குஞ்சுகள். கடையில் உடும்பு இருக்கிறது. ஆகவே நான்கு நட்சத்திரம்.’

கடை திறந்திருக்கிறதா என்று உள்ளே இருப்பவன் தன்னையே கேட்டுக்கொள்ளக் கூடாது. வாசலுக்கு வெளியே நிற்பவரைக் கேட்க வேண்டும்.