கப்பலேறி வந்த அடுப்புத் தீ

முன்னொரு காலத்தில் உதயகண்டன் என்று ஒரு மகாராஜா இருந்தார். இருந்தார் என்றால் உட்கார்ந்தே இருந்தார். எழுந்து போய் எதையும் பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. கடலுக்கு அப்பால், கப்பலில் இருபது நாள் தூரத்தில், அவருக்கு ஒரு தீவு இருந்தது. அவருடைய பாட்டனார் காலத்தில் இங்கிருந்து போய்க் காடு திருத்திக் குடியேறிய நம் ஜனங்கள்தான் அங்கே இருந்தார்கள்.

மகாராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை. ஐப்பசியில் தம் பிறந்தநாளன்று தீவில் எல்லா அடுப்பும் அணைய வேண்டும். அன்று அரண்மனை விளக்கில் எடுத்த தீ கப்பலில் போய்ச் சேர்ந்த பிறகே மறுபடி எரிய வேண்டும். சொந்தமாகப் பற்றவைத்தால் சவுக்கடி. முதல் வருஷம் தீவு ஜனங்கள் இருபது நாளும் அவலைத் தின்றுவிட்டு, கப்பல் வந்ததும் மேளம் கொட்டி, "நம்ம ஊரு நெருப்பு" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பைத்தியக்கார ஜனங்கள்!

மறுவருஷம் புயலில் கப்பல் தாமதமாயிற்று. காவல்காரர்கள் வீடு வீடாகப் போய்ச் சாம்பலுக்குள் கைவிட்டுச் சூடு பார்த்தார்கள். அடைமழையில் குளிர்காய நெருப்பில்லாமல் ஏழு கிழவர்கள் செத்தார்கள். மனுமேல் மனு வந்தது. சபையில் தீவுக்காகப் பேச ஓர் ஆள் கிடையாது. ஆகவே பிரதானி நரசிங்கர் அந்த ஓலைகளை வாங்கித் தம் வீட்டு வெந்நீர் அடுப்புக்கு அனுப்பிவைத்தார். நன்றாக எரிந்தனவாம்!

இது அரண்மனை விகடகவி பூவலிங்கத்தின் காதுக்கு எட்டியது. அவருடைய ஒரே தங்கை அழகுநாச்சி தீவில் வாழ்க்கைப்பட்டவள். இந்த ஐப்பசியில் அவளுக்குப் பேறுகாலம். வெந்நீர்கூட இல்லாமல் எப்படிப் பிள்ளை பெறுவாள்?

"மகாராஜா, அந்த உத்தரவைக் கைவிட வேண்டும்" என்று சபையில் கும்பிட்டார்.

விகடகவிமேல் மகாராஜா வைத்த பிரியம் பிரதானிக்கு வெகுநாளாகக் கண்ணில் விழுந்த மிளகாய். "தீவுக்கு ஒரு நியாயம், தலைநகருக்கு ஒரு நியாயமா? பிரபு, இரண்டும் ஒன்றே என்று சாசனம் எழுதுங்கள். வேறு வேறு என்று சொல்பவன் நாக்கை அறுக்க உத்தரவிடுங்கள்" என்றார்.

"நானும் அதைத்தான் வேண்டுகிறேன். சீக்கிரம் எழுதுங்கள் மகாராஜா" என்றார் பூவலிங்கம். எழுதி முத்திரையும் விழுந்தது.

பிறந்தநாள் வந்தது. மடைப்பள்ளியில் அறுபது அடுப்பு எரிந்தது. பூவலிங்கம் சாசனத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு நுழைந்து, குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றி அத்தனையையும் அணைத்தார். இலை போட்டு உட்கார்ந்த மகாராஜாவுக்கு ஒரு பிடி அவல் வந்தது.

"விருந்து எங்கே?"

"அடுப்பு அணைந்திருக்கிறது மகாராஜா. கப்பலில் வந்த தீயில்தான் பற்றவைக்கலாம் என்பது உத்தரவு. தீ இன்று மாலைதான் கப்பலேறுகிறது. தீவுக்கு இருபது நாள், அங்கிருந்து இங்கே வர இருபது நாள். அதுவரை பொறுத்தருள வேண்டும்."

"என்ன திமிர்! இது தலைநகரம், தீவு அல்ல!" என்று கத்தினார் பிரதானி.

"கேட்டீர்களா மகாராஜா? இரண்டும் வேறாம். கத்தி கொண்டுவரச் சொல்லட்டுமா?"

பிரதானி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். மகாராஜா கண்ணில் நீர் வரச் சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பூவலிங்கத்துக்குப் போட்டார்.

"அப்படியானால் அந்த உத்தரவு, மகாராஜா?"

"எந்த உத்தரவு? ஓ, அதுவா! மாற்றினால் தீவார் நம் தலையில் ஏறி உட்காருவார்கள். இன்றைய கப்பலில் நீயும் போய்த் தங்கையைப் பார்த்துவிட்டு வா. யாரங்கே, அடுப்பைப் பற்றவையுங்கள், பசிக்கிறது!"

விளக்கிலிருந்து மடைப்பள்ளிக்கு நாலே எட்டு வைத்தால் போதும். உடனே அடுப்பு எரிந்தது. வேறு கதையாக இருந்தால் இங்கேயே முடித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

இருபது நாள் பூவலிங்கம் தீச்சட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கரை தெரிந்தபோது தீவில் ஒவ்வொரு கூரைமேலும் புகை தெரிந்தது. மேளம் இல்லை. காவல்காரர்கள்கூட ஒரு வீட்டு வாசலில் சுடுசோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

அழகுநாச்சி பாயில் சுருண்டு கிடந்தாள்.

"பிள்ளை எங்கம்மா?"

"அடுப்பு அணைஞ்ச அன்னிக்கே பெறந்துச்சு அண்ணே. நல்ல மழை. மூணாம் நாளு வெறைச்சுப் போயிருச்சு. எனக்கும் ஜன்னி கண்டதும் மருத்துவச்சி வெள்ளச்சி, 'அடிக்கிறவன் அடிக்கட்டும்'னு கட்டையைக் கடைஞ்சு பத்த வச்சா. எங்க அடுப்புலேருந்துதான் ஊரே எடுத்துட்டுப் போச்சு. இனி அந்த ராசாவும் வேணாம், அவரு நெருப்பும் வேணாம்னு எல்லாரும் கூடிப் பேசியாச்சு." மூச்சு வாங்கியது. "மொத நாளே பத்த வச்சிருக்கணும். ராசா மனசு எரங்கும்னு காத்துக் கெடந்தோம் பாரு, அதான் நாங்க பண்ண தப்பு."

பூவலிங்கம் அரண்மனை அடுப்பை அணைத்த கதையைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ராசா சிரிச்சாரா?"

"சிரிச்சாரும்மா."

"அப்ப இதையும் போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னார். விகடகவி வாயைத் திறந்ததுமே மகாராஜா சிரிக்கத் தொடங்கிவிட்டார், பழக்கதோஷம். புகையைச் சொன்னபோது தொடையைத் தட்டினார். ஊர் கூடிப் பேசியதைச் சொன்னபோது, "பலே, அப்புறம்?" என்றார். வேடிக்கை இனிமேல்தான் வரும் என்று நினைத்தார்.

"அப்புறம் ஒன்றுமில்லை மகாராஜா. தீவு போய்விட்டது. என் தங்கை பிள்ளையும் போய்விட்டது."

மகாராஜா அதற்கும் சிரித்து, மோதிரத்தைக் கழற்றி நீட்டினார். சபையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. நீட்டிய மோதிரத்தை வாங்கவும் ஆளில்லை. பூவலிங்கம் துறைமுகத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.