அரசாணையைக் கடித்தவன்

மருதங்கா நாட்டு அரசவையில் எல்லோருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். வளர்த்தவர்தான் ஒருவரும் இல்லை. மன்னர் சொக்கவர்மருக்கே அரண்மனை நிறைய இளவரசர்கள். திருநாளுக்குத் திருநாள் தாதிகள் அவர்களைக் குளிப்பாட்டி, பொட்டிட்டு, பட்டு உடுத்திக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மன்னர் கன்னத்தைக் கிள்ளுவார், ஆளுக்கொரு முத்துமாலை போடுவார், அழுவதற்குள் திருப்பி அனுப்பிவிடுவார். பிள்ளை வளர்ப்பு என்பது அவ்வளவுதான் என்று அவர் மனதார நம்பினார்.

அந்த அவையின் விகடகவி குழைக்காதன். அவன் மனைவி செங்கமலம் அந்தப்புரத்து மருத்துவச்சி. பிறக்கிற குழந்தை பொழுது பார்த்தா பிறக்கிறது? விடியுமுன் பல்லக்கு வந்து அவளை அழைத்துப் போய்விடும். பிறகு ஐந்து வயது வடிவும் இரண்டு வயது நல்லானும் குழைக்காதன் பொறுப்பு.

அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் முரசு ஒலித்ததும் வாசற்கதவைச் சாத்திவிடுவார்கள். குழைக்காதன் அதற்குப் பிறகுதான் முண்டாசில் சோற்றுப் பருக்கையோடு வந்து கதவைத் தட்டுவான். காரணம் கேட்டால் உண்மையைச் சொல்வான். வலது செருப்பை இடது காலில்தான் போடுவேன் என்று நல்லான் அடம்பிடித்ததாக ஒருநாள் சொல்வான். பிய்த்துக் கொடுத்த அடையை மறுபடி ஒட்டித் தரச் சொல்லி வடிவு அழுததாக மறுநாள் சொல்வான். அவை விழுந்து விழுந்து சிரிக்கும். பொய் சொல்லியே பழகியவர்களுக்கு உண்மை வேடிக்கையாகத்தான் பட்டது.

தளபதி கோளரி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குக் குழைக்காதனின் ஆசனத்தின் மேல் ஒரு கண். வேலையில்லாத மைத்துனன் ஒருவன் அவர் வீட்டில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான்.

"படையே என் சொல்லுக்கு அசைகிறது. இரண்டு பொடிசுகள் அசையாதா? ஓர் ஆணை போடுங்கள் மன்னா, நானே நிறைவேற்றிக் காட்டுகிறேன்" என்றார்.

மன்னருக்கும் அது சரியாகப் பட்டது. பிள்ளைகள் முரசுக்கு முன் எழுந்து, உண்டு, உடுத்தி முடிக்க வேண்டும். அதன்பிறகும் குழைக்காதன் தாமதித்தால் ஆசனம் பறிபோகும் என்று ஓலை எழுதி முத்திரை வைத்தார். அரசாணையை அவமதித்தவர் யாராயினும் சிறை என்பது அந்நாட்டின் பழைய சட்டம். கணவன் மனைவி இருவரும் உழைத்தால்தான் குழைக்காதன் வீட்டில் அடுப்பு எரியும்.

மறுநாள் விடியலில் கோளரி வீரர்களோடு வந்து வீட்டைச் சூழ்ந்துகொண்டார். போரில் அது பயன்படும். ஓலையை விரித்து உரக்க வாசித்தார். வடிவு பாயில் எழுந்து உட்கார்ந்து பாதி கேட்டாள்.

"ராசாவுக்கு யாரு பல்லு வெளக்கி விடுவா?" என்றாள்.

தெரியாது என்றார் தளபதி. ஏன் தெரியாது என்றாள். எதிரி நாட்டுத் தூதருக்கே பதில் சொல்லிப் பழகாத கோளரி, அவளுக்கு விளக்கம் சொல்ல உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு பதிலிலிருந்தும் இன்னொரு ஏன் பிறந்தது. கடைவாய்ப் பல் முளைக்கும் நமைச்சலில் இருந்த நல்லான் மெல்ல வந்து அவர் மடியிலிருந்த ஓலையை எடுத்தான். கேழ்வரகுக் கஞ்சியைவிட அது அவனுக்குப் பிடித்திருக்க வேண்டும். நன்றாக மென்று தளபதியின் மடியிலேயே துப்பினான். தூரத்தில் முரசு ஒலித்தது.

தோற்றுப்போன தளபதிக்கு அந்தச் சக்கை ஒன்றுதான் ஆறுதல். தகப்பனையும் பிள்ளைகளையும் அவையில் கொண்டுவந்து நிறுத்தி, அதை விரித்து வைத்தார். பையன் ஆணையைத் தின்றான், பெண் வாசிக்கும்போது குறுக்கே பேசினாள், இருவருக்கும் சிறை. தாமதமாக வந்த தகப்பனுக்கு ஆசனம் இல்லை என்றார். மன்னர் சங்கடத்தோடு நெளிந்தார். ஆனாலும் முன்னோர் வகுத்த சட்டத்தை அவரே எப்படி மீறுவது?

குழைக்காதன் காலில் விழுவான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவனோ சிறை விதிகளை ஒருமுறை கேட்க வேண்டும் என்றான்.

சிறைத் தலைவர் மொக்கையன் முன்னே வந்து ஒப்பித்தார். கைதிகளை விடியுமுன் எழுப்ப வேண்டும். குளிக்க வைத்து வயிறு நிறையச் சோறு போட வேண்டும். ஒருவரோடொருவர் சண்டை போடாமல் பார்க்க வேண்டும். இரவும் பகலும் கண்ணைவிட்டு அகலவிடக் கூடாது. உடம்பில் ஒரு கீறல் விழுந்தாலும் காவலன் தலை போய்விடும்.

குழைக்காதனுக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது. தோளிலிருந்த நல்லானை மொக்கையன் கையில் கொடுத்தான்.

"இவன் நல்லான். யாராவது குதிரையாகி முதுகில் ஏற்றிக்கொண்டால்தான் சோற்றுக்கு வாயைத் திறப்பான். இவள் வடிவு. கதை சொன்னால்தான் தூங்குவாள். நேற்றைய கதையில் ஒரு சொல் மாறினாலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். மகாராஜா, இரக்கப்பட்டுத் தண்டனையை மட்டும் குறைத்துவிடாதீர்கள். ஆசனத்தை விட்டுவைத்தால், நாளை முரசு அடிப்பவனை நானே வந்து எழுப்புகிறேன். செங்கமலமும் கண்ணயர்ந்து பல நாளாகிறது."

நல்லான் மொக்கையனின் மீசையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். மொக்கையன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து மன்னர் காலடியில் வைத்தார்.

"சாமி, கொள்ளைக்காரங்க எத்தனை பேரு வேணாலும் அனுப்புங்க. இது நம்மால ஆகாது."

மன்னர் உதட்டைக் கடித்துக்கொண்டு கோளரி பக்கம் திரும்பினார். படையோடு போனவர் ஏன் தாமதம் என்று கேட்டார். தளபதி வாய் திறக்குமுன் வடிவு பதில் சொன்னாள்.

"அவருக்கு ஒண்ணுமே தெரியல."

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சாய்ந்தது. பல் முழுதாக முளைக்காத வாய்க்கு ஆணையை அவமதிக்கத் தகுதியில்லை என்று தீர்ப்புச் சொன்னார். கேள்வி கேட்டதற்காக ஒருத்தியைச் சிறையில் போட்டால் தன் ராணியைத்தான் முதலில் போட வேண்டியிருக்கும் என்றார். ஆசனம் குழைக்காதனுக்கே என்றும் அறிவித்தார். பரிசாக, இனி நல்லான் கஞ்சி குடித்து முடித்த பிறகே அரண்மனை முரசு ஒலிக்கும் என்று புதிய ஆணை பிறப்பித்தார்.

குழைக்காதன் பதறிப்போய்க் கைகூப்பினான்.

"வேண்டாம் மகாராஜா. அப்புறம் இந்த நாட்டு மக்கள் முரசுச் சத்தத்தையே மறந்துவிடுவார்கள்."